டீ ட்ரீ ஆயில்: எத்தனை சதவீதம், எவ்வளவு பழைய பாட்டில், எந்த இடம்?

பருவுக்கு டீ ட்ரீ ஆயில் போடலாமா என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. எத்தனை சதவீதத்துக்குக் கரைத்தது, பாட்டிலைத் திறந்து எத்தனை மாதம் ஆகிறது, எந்த இடத்தில் போடப் போகிறீர்கள் என்ற மூன்றும் தெரிந்தாக வேண்டும். இவற்றில் ஒன்று தப்பினாலும் பருவை ஆற்ற வாங்கிய எண்ணெயே தோலைப் புண்ணாக்கிவிடும். 'இயற்கையானதுதானே, என்ன செய்துவிடும்' என்ற நம்பிக்கையில் பாட்டிலிலிருந்து நேராக முகத்தில் வைப்பவர்கள் நிறையப் பேர். தரை துடைக்கும் தண்ணீரிலும், குழந்தையின் தலையிலும், நாய்க்குட்டியின் முதுகிலும் அதே கையோடு அதே எண்ணெயை ஊற்றுகிறார்கள். இது வாசனைப் பொருள் அல்ல, வீரியமுள்ள ஒரு ரசாயனக் கலவை. அதை ஒரு மருந்தைக் கையாள்வதுபோலக் கையாண்டால் நல்ல பலன் உண்டு.

பெயரில் 'டீ' இருந்தாலும் நாம் குடிக்கும் தேயிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தேயிலை விதையிலிருந்து ஆட்டி எடுக்கும் எண்ணெய் ஒன்று தனியாக உண்டு. சீனாவில் அதைச் சமையலுக்குக்கூடப் பயன்படுத்துகிறார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்வது ஆபத்து. டீ ட்ரீ ஆயிலை வாயில் வைக்கவே கூடாது.

மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா என்பது இந்த மரத்தின் தாவரவியல் பெயர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகரையில், கிளாரன்ஸ், ரிச்மண்ட் ஆறுகளை ஒட்டிய சதுப்பு நிலங்கள்தான் இதன் பிறந்த இடம். காகிதம்போல் உரியும் பட்டை, மெல்லிய ஊசி இலைகள், வெண்பஞ்சுபோன்ற பூக்கள் கொண்ட சிறு மரம். குடும்பமாகப் பார்த்தால் நாவல், கொய்யா, கிராம்பு, யூகலிப்டஸ் எல்லாம் இதற்கு உறவு. ஒரு கொய்யா இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இலை முழுக்க ஊசியால் குத்தியதுபோல் ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். அவைதான் எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் வாசனை வருவது அவை உடைவதால். டீ ட்ரீ இலையிலும் எண்ணெய் இப்படித்தான் இருக்கிறது.

இதே மெலலூக்கா இனத்தைச் சேர்ந்த இன்னொரு மரத்தின் எண்ணெய் மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு நன்றாகவே தெரியும். அங்கே அதை மிஞாக் காயு பூத்தே என்பார்கள். டைகர் பாமிலும் அது சேர்கிறது. ஆனால் அதில் சினியோல் என்ற பொருள் அதிகம், அதனால் நம் நீலகிரித் தைலத்தின் பக்கம் சாயும். டீ ட்ரீ ஆயிலின் சேர்மானம் வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட முடியாது.

சதுப்பிலிருந்து ஆய்வகத்துக்கு

அந்த ஆற்றங்கரைகளில் வாழும் பன்ட்ஜலங் பழங்குடி மக்கள் இந்த இலையைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். சளி, இருமல் என்றால் இலையைக் கசக்கி ஆவியை முகர்வார்கள். காயம் என்றால் இலையை நசுக்கிப் பற்றுப் போடுவார்கள். அவர்கள் பயன்படுத்தியது இலையை, இன்று பாட்டிலில் வரும் செறிந்த எண்ணெயை அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இலையின் எடையில் எண்ணெய் ஒன்று முதல் இரண்டு சதவீதம்தான். ஒரு கிலோ இலையைக் காய்ச்சினால் பத்து, இருபது கிராம் எண்ணெய் இறங்கும். 'பழங்குடிகள் காலங்காலமாகப் பூசியது' என்று விளம்பரத்தில் வரும்போது இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

எண்ணெயை அறிவியல் கவனித்தது 1920-களில். சிட்னியில் இருந்த தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் ஆர்தர் பென்ஃபோல்டு ஆஸ்திரேலிய மரங்களின் எண்ணெய்களை வரிசையாகச் சோதித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கிருமிநாசினி என்றால் கார்பாலிக் அமிலம்தான் அளவுகோல். டீ ட்ரீ ஆயிலின் கிருமி கொல்லும் திறன் அதைப்போல் சுமார் 11 மடங்கு என்று அவர் கண்டு சொன்னார். 1930 வாக்கில் மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் இதைப் பயன்படுத்திப் பார்க்கத் தொடங்கினார்கள். இலை வெட்டுபவர்கள் கத்தியோடு சதுப்பில் இறங்கி, கிளைகளைக் கழித்து, காட்டுக்குள்ளேயே விறகடுப்பில் கொப்பரை வைத்து ஆவியில் எண்ணெய் இறக்கினார்கள்.

அப்புறம் பெனிசிலின் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆன்டிபயாட்டிக்குகள் பெருகவும் இந்த எண்ணெயைத் தேடுவார் குறைந்துபோனார்கள். மறுவாழ்வு 1976-ல்தான். பங்காவால்பின் என்ற சதுப்புப் பகுதியில் கிறிஸ்டோபர் டீன் குடும்பத்தார் தர்ஸ்டே பிளான்டேஷன் என்ற பெயரில் தொழில் தொடங்கினார்கள். 1980-களில் காட்டில் வெட்டுவது குறைந்து, வரிசையாக நட்டு, தரையோடு அறுவடை செய்யும் தோட்டப் பயிராக இது மாறியது. அறுத்த கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வரும் என்பதால் ஒரே நடவில் பல அறுவடை எடுக்கிறார்கள்.

பாட்டிலுக்குள் யார் யார்

இந்த எண்ணெய் ஒரே பொருள் அல்ல. நூறு சேர்மங்களுக்கு மேல் இதில் கலந்திருக்கின்றன. வேலை செய்வதில் முதல் இடம் டெர்பினென்-4-ஆல் என்பதற்கு. கிருமியைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வுக்குள் இது புகுந்து அதைத் தளர்த்திவிடுகிறது. உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிகிறது, கிருமியின் மூச்சு நின்றுபோகிறது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் கார்சன், ஹாமர், ரைலி ஆகியோரின் குழு பல ஆண்டுகள் உழைத்து இதைத் தெளிவுபடுத்தியது. ஸ்டஃபைலோகாக்கஸ், ஈ.கோலி, கேண்டிடா பூஞ்சை எல்லாம் ஆய்வகத் தட்டில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான எண்ணெயிலேயே வளர்ச்சி நின்றுபோகின்றன. சூடோமோனாஸ் என்ற கிருமி மட்டும் சுலபத்தில் மசிவதில்லை. சமையலறைத் தொட்டி, குளியலறை ஈரம், ஆறாத புண் என்று எங்கும் இருக்கும் கிருமி அது.

கொழுப்புச் சவ்வைத் தளர்த்தும் இந்தக் குணம்தான் நம் தோலுக்கும் பொருந்துகிறது. தோலின் மேலடுக்கும் கொழுப்பால் பூசப்பட்டதுதான். கிருமியைக் கொல்லும் வழியிலேயே தோலையும் உலர்த்தி எரிச்சலூட்டும். எண்ணெயைக் கரைத்துப் பயன்படுத்தச் சொல்வதற்குக் காரணம் இதுதான், மிச்சம் பிடிப்பதற்காக அல்ல.

இந்த எண்ணெய்க்கு உலகத் தரநிலை ஒன்று உண்டு: ஐ.எஸ்.ஓ. 4730. முதலில் 1996-ல் வந்தது. 2017 திருத்தத்தின்படி டெர்பினென்-4-ஆல் 35 முதல் 48 சதவீதம் வரை இருக்க வேண்டும், சினியோல் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சினியோல்தான் தோல் எரிச்சலுக்குக் காரணம் என்று நெடுநாள் நம்பி, அது குறைவாக உள்ள மரங்களையே தேடித் தேடி வளர்த்தார்கள். பிந்தைய ஆராய்ச்சிகளில் சினியோல் மேல் சுமத்திய பழி பெரும்பாலும் தப்பு என்று தெரிந்தது. உண்மையான குற்றவாளி காற்று.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாட்டிலை வாங்கும் யாருக்கும் இதைக் கடையில் சொல்வதில்லை. எண்ணெயில் ஆல்ஃபா-டெர்பினீன், காமா-டெர்பினீன் என்று இரண்டு சேர்மங்கள் இருக்கின்றன. மூடியைத் திறக்கத் திறக்க உள்ளே புகும் ஆக்சிஜனோடு இவை வினைபுரிகின்றன. வெளிச்சமும் வெப்பமும் அதை வேகப்படுத்தும். பாரா-சைமீன் என்ற சேர்மத்தின் அளவு கூடும். அஸ்காரிடோல் போன்ற பெராக்சைடுகள் உருவாகும். இந்தப் புதுப் பொருள்கள்தான் ஒவ்வாமையைத் தூண்டுவதில் கெட்டிக்காரர்கள். புதிய எண்ணெயில் ஒன்றும் ஆகாத ஒருவருக்குப் பழைய எண்ணெயில் தோல் சிவந்து, தடித்து, நீர்க் கொப்புளம் வரலாம். ஒருமுறை உடம்புக்கு இப்படி ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்த முறை ஒரு துளி பட்டாலும் எதிர்க்கும். அதன் பிறகு புதிய எண்ணெய்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இந்த எண்ணெய் சேர்ந்த ஷாம்பு, சோப்பு, கிரீம் எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து ஒதுக்க வேண்டிவரும். தோல் மருத்துவமனைகளில் தோலில் ஒட்டிவைத்து ஒவ்வாமையைக் கண்டறியும் ஒட்டுச் சோதனை செய்யும்போது பழசாக்கிய எண்ணெயைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள்.

பழுப்பு நிறக் கண்ணாடியில் இதை விற்பது வெளிச்சத்தைத் தடுக்கத்தான். பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பதற்கும் காரணம் உண்டு, சில வகைப் பிளாஸ்டிக்கை இந்த எண்ணெய் அரித்து இளக்கிவிடும். சித்திரை வெயிலில் ஜன்னலோரத்திலும் குளியலறை அலமாரியிலும் பாட்டிலை வைத்தால் கெட்டுப்போவதை நாமே வேகப்படுத்துகிறோம். ஃபிரிட்ஜ் கதவு நல்ல இடம், ஆனால் குழந்தைகளுக்கு எட்டாத தட்டாக இருக்க வேண்டும். வாங்கும்போது சிறிய பாட்டிலாக வாங்குங்கள். 10 மில்லி போதும். திறந்த நாளைப் பேனாவால் லேபிளில் எழுதிவையுங்கள். திறந்து ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம். அதற்குப் பிறகு தோலில் போட வேண்டாம். டர்பன்டைன் போன்ற காரமான நெடி வந்தால் தேதி பார்க்காமலே ஒதுக்கிவிடலாம். நெடி மாறவில்லை என்பதற்காக எண்ணெய் நன்றாக இருக்கிறது என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

தோலில் எதற்கு, எவ்வளவு

பருவுக்கு இருக்கும் ஆதாரம் ஓரளவு நல்லது. 1990-ல் சிட்னியில் 124 பேரிடம் ஓர் ஒப்பீடு நடந்தது. ஒரு பாதிக்கு 5 சதவீத டீ ட்ரீ ஜெல், மறு பாதிக்கு 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு. இரண்டிலும் பரு குறைந்தது. பென்சாயில் பெராக்சைடு சீக்கிரம் வேலை செய்தது, டீ ட்ரீ மெதுவாக. ஆனால் பெராக்சைடு போட்டவர்களில் 79 சதவீதம் பேர் வறட்சி, எரிச்சல் போன்ற தொந்தரவு சொன்னார்கள், டீ ட்ரீ தரப்பில் 44 சதவீதம். லேசான, நடுத்தரப் பருவுக்கு, பொறுமை உள்ளவர்களுக்கு, 5 சதவீத ஜெல் நியாயமான தேர்வு என்றுதான் இதிலிருந்து எனக்குப் படுகிறது. ஆழமாகக் கட்டி கட்டியாக வந்து தழும்பாகும் பருவுக்கு இதை வைத்துக்கொண்டு நாள் கடத்தக் கூடாது. தழும்பு விழுந்த பிறகு அதை முழுதாகப் போக்குவது கஷ்டம்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். வீட்டில் கற்றாழை ஜெல்லில் நான்கு சொட்டு விட்டுக் கலக்கிப் போடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கற்றாழை ஜெல் பெரும்பாலும் தண்ணீர். எண்ணெய் அதில் கரையாமல் குட்டிக் குட்டித் துளிகளாக நிற்கும். அந்தத் துளி படும் இடத்தில் நூறு சதவீத எண்ணெய்தான் படுகிறது, மற்ற இடத்தில் ஒன்றும் இல்லை. தேங்காய் எண்ணெயில் நன்றாகக் கரையும், ஆனால் பரு வரும் முகத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் பலருக்கு மயிர்க்கால் அடைத்துக்கொண்டு பரு கூடும். அதனால் முகத்துக்கு, சதவீதம் அச்சிட்ட ஆயத்த ஜெல்லை வாங்குவதுதான் உத்தமம். சதவீதமே போடாமல் இலைப் படம் மட்டும் போட்ட ஃபேஸ்வாஷில் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழியில்லை. சேர்மானப் பட்டியலில் வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில், கடைசியில் அதன் பெயர் இருந்தால் வாசனை அளவுக்குத்தான் இருக்கும்.

உடம்பின் மற்ற இடங்களுக்கு நாமே கலப்பதென்றால் சொட்டுக் கணக்கை நம்ப வேண்டாம். ஒவ்வொரு மூடியிலும் சொட்டின் அளவு மாறும். மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச் கிடைக்கும். அரை மில்லி டீ ட்ரீயை ஒன்பதரை மில்லி தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கலந்தால் 5 சதவீதம். அதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் பூசி இரண்டு மூன்று நாள் பாருங்கள். ஒவ்வாமை உடனே தெரிய வேண்டும் என்பதில்லை. பூசிய மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் சிவக்கும். 'அரை மணி நேரம் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்பது சோதனையே இல்லை.

பொடுகுக்கு 2002-ல் ஆஸ்திரேலியாவில் 126 பேரிடம் 5 சதவீத டீ ட்ரீ ஷாம்புவைச் சோதித்தார்கள். தினமும் தேய்த்து மூன்று நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும், நான்கு வாரம். பொடுகின் கடுமை 41 சதவீதம் குறைந்தது, வெறும் ஷாம்பு போட்டவர்களுக்கு 11 சதவீதம். பலன் இருக்கிறது, ஆனால் பொடுகு சுத்தமாகப் போய்விடவில்லை. மூன்று நிமிடம் ஊறவிடுவது இதில் முக்கியம். போட்டவுடன் அலசிவிட்டுப் பலனில்லை என்கிறவர்கள் அதைச் செய்து பார்க்கவில்லை.

நம் ஊரில் பொடுகு என்றதும் தலை காய்ந்துவிட்டது என்று எண்ணெய் வைப்பார்கள். பொடுகுக்குப் பின்னால் இருக்கும் மலாசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. தலையில் எண்ணெய் ஊறக் கிடந்தால் அதற்குச் சாப்பாடு போட்டதாக ஆகும். ஆகவே தேங்காய் எண்ணெயில் டீ ட்ரீ கலந்து ராத்திரி முழுக்க ஊறவைக்கும் வழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஷாம்புவில் கலந்து அலசுவதுதான் சோதித்துப் பார்த்த வழி. அதிலும் கேட்காவிட்டால் கீட்டோகோனசோல் ஷாம்பு மருந்துக் கடையில் கிடைக்கிறது.

சேற்றுப்புண்ணில் கிடைத்த முடிவுகள்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தவை. 1992-ல் 104 பேரிடம் 10 சதவீத கிரீமைப் போட்டுப் பார்த்தார்கள். அரிப்பு, எரிச்சல், தோல் உரிவது எல்லாம் வழக்கமான பூஞ்சை மருந்து அளவுக்குக் குறைந்தது. ஆனால் தோலைச் சுரண்டி ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தபோது பூஞ்சை போகவில்லை, வெறும் கிரீம் போட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அரிப்பு நின்றதால் குணமாகிவிட்டது என்று நினைத்து நிறுத்தினால் திரும்பவும் வரும் என்பது இதிலிருந்து தெரிகிறது. பத்து வருடம் கழித்து, 2002-ல் 158 பேரிடம் வீரியத்தைக் கூட்டி 25, 50 சதவீதத்தில் சோதித்தார்கள். 50 சதவீதம் போட்டவர்களில் 64 சதவீதம் பேருக்குப் பூஞ்சை போனது, மருந்தில்லாத கரைசலில் 31 சதவீதம். ஆனால் எண்ணெய் போட்டவர்களில் நான்கு பேருக்கு நடுத்தரம் முதல் கடுமை வரையான தோல் அழற்சி வந்து, எண்ணெயை நிறுத்தியதும் சரியானது. வீரியம் கூடினால் குணமும் கூடும், கூடவே கெடுதலும் கூடும். ஒரே எண்ணெயில் அரிப்பை அடக்க ஓர் அளவு, பூஞ்சையைக் கொல்ல இன்னோர் அளவு, தோலைக் கெடுக்க அதற்குப் பக்கத்திலேயே இன்னோர் அளவு.

நகத்தில் வரும் பூஞ்சைக்கு 1994-ல் 117 பேரிடம் கரைக்காத எண்ணெயை ஆறு மாதம் தடவிப் பார்த்தார்கள். ஒப்பிட்ட மருந்து ஒரு சதவீத குளோட்ரிமசோல் கரைசல். பூஞ்சை போனது எண்ணெயில் 18 சதவீதம் பேருக்கு, குளோட்ரிமசோலில் 11 சதவீதம் பேருக்கு. 'மருந்துக்குச் சமம்' என்று இதைத்தான் விளம்பரங்கள் சொல்கின்றன. இரண்டுமே தோற்றுவிட்டன என்பதே எனக்குத் தெரியும் செய்தி.

படர்தாமரை வேறு விஷயம். இந்தியாவில் சில வருடங்களாக அது பிடிவாதமாகப் பரவுகிறது. ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று 2020-ல் பெயரிட்ட பூஞ்சை வகை, டெர்பினஃபின் என்ற முக்கியமான மருந்துக்கே பல நேரம் அடங்குவதில்லை. ஸ்டீராய்டு கலந்த கிரீம்களைக் கடையில் கேட்டு வாங்கிப் பூசியதும் இதைப் பெரிதாக்கியது. இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வட்டம் வட்டமாகப் படர்ந்தால் டீ ட்ரீ ஆயிலைத் தேடாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். அந்த இடத்துத் தோல் மெல்லியது, எண்ணெய் பட்டால் தீயாக எரியும். எரிந்துபோன தோலின் மேல் நோயைப் பார்த்து அடையாளம் சொல்வது மருத்துவருக்கும் கஷ்டம்.

பேனுக்கு 2010-ல் ஆஸ்திரேலியக் குழந்தைகளிடம் 10 சதவீத டீ ட்ரீயும் ஒரு சதவீத லாவெண்டரும் சேர்ந்த மருந்தைச் சோதித்தார்கள். வாரம் ஒருமுறை, மூன்று முறை. முடிவில் 97.6 சதவீதம் பேருக்குப் பேன் இல்லை. வழக்கமான பைரித்ரின் மருந்தில் 25 சதவீதம்தான். இதோடு நிறுத்திவிட்டுத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதே ஆய்வில் மூன்றாவதாக ஒன்று இருந்தது, பேனை மூச்சுத் திணறவைத்துக் கொல்லும் வகை. அதிலும் 97.6 சதவீதம்தான். குழந்தையின் தலையில் 10 சதவீத எண்ணெய் ஊற்றுவதைவிட, மூச்சடைக்கும் வகை லோஷனும் பேன் சீப்பும் பொறுமையும் எனக்குப் பாதுகாப்பாகத் தெரிகின்றன.

கண் இமையில் வரும் டெமோடெக்ஸ் பூச்சிக்கு மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துவதுண்டு. அது அவர்கள் வேலை, வீட்டில் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம். காதிலும் விடக் கூடாது. காது வலித்தால் எண்ணெய் காய்ச்சி விடும் பழக்கம் நமக்கு இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கினிப் பன்றிகளில் கரைக்காத எண்ணெய் உட்காதுக்குக் கேடு செய்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டு வேலையில்

தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டு ஸ்ப்ரே பாட்டிலில் அடித்தால் வீடு கிருமியில்லாமல் ஆகும் என்ற குறிப்பு எங்கும் சுற்றுகிறது. அரை லிட்டர் தண்ணீரில் பத்துச் சொட்டு என்பது சுமார் 0.1 சதவீதம். அதுவும் கரையாமல் மேலே மிதக்கும். ஸ்ப்ரேயின் உள்குழாய் கீழேயிருந்து உறிஞ்சுவதால் முதலில் வருவது தண்ணீர், பாட்டில் தீரும் நேரத்தில் வருவது எண்ணெய். வாசனை வரும், அவ்வளவுதான். பாத்திரம் கழுவும் திரவத்தில் முதலில் எண்ணெயைக் குழைத்துவிட்டுத் தண்ணீர் சேர்த்தால் ஓரளவு கலந்து நிற்கும். இரண்டு சதவீதமாவது வேண்டும், அதாவது அரை லிட்டருக்கு 10 மில்லி, ஒரு முழுப் பாட்டில். அந்த விலைக்கு எத்தனை லிட்டர் ப்ளீச்சோ ஃபினைலோ வரும் என்று கணக்குப் போட்டால் தரை துடைக்க இது கட்டுப்படியாகாது. அழுக்கை எடுப்பது சோப்பும் தேய்ப்பும்தான்.

இது பயன்படும் இடம் சின்னச் சின்ன இடங்கள். மழைக்காலத்தில் பீரோவின் உள்மூலையிலும் தோல் செருப்பிலும் பூக்கும் பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டு, சோப்பில் குழைத்த இரண்டு சதவீதக் கரைசலைத் துணியில் நனைத்துத் தடவலாம். ஆய்வகத்தில் பூஞ்சண வளர்ச்சியை இது தடுப்பது உண்மை. ஆனால் சுவரில் ஓதம் ஏறி வருகிறதென்றால் எந்த எண்ணெயும் உதவாது. தண்ணீர் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து அடைக்கும்வரை பூஞ்சணம் திரும்பத் திரும்ப வரும். வினிகரோடு கலந்து அடிக்கச் சொல்வதை மார்பிள் தரை உள்ளவர்கள் பின்பற்றக் கூடாது, அமிலம் மார்பிளின் பளபளப்பை அரித்துவிடும்.

கொசுவுக்கு இதை நம்பாதீர்கள். வாசனைக்குக் கொஞ்ச நேரம் விலகும், பிறகு வந்து கடிக்கும். டெங்கு இருக்கும் ஊரில் டீட், பிகாரிடின் போன்றவை உள்ள விரட்டியும் கொசுவலையும் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதும்தான் வழி. டிஃப்யூசரில் போட்டு அறை முழுக்கப் பரப்புவது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பைக் கொண்டுவரலாம். இது தீப்பிடிக்கும் எண்ணெய் என்பதும் நினைவில் இருக்கட்டும். சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இதன் ஆவி தீயைப் பற்றிக்கொள்ளும், அடுப்பு மேடையில் பாட்டிலுக்கு இடமில்லை.

யார் பக்கத்தில் வைக்கக் கூடாது

பூனை, நாய் வளர்ப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் இயற்கை மருந்து என்று கரைக்காத எண்ணெயைச் செல்லப் பிராணியின் முதுகில் தடவுகிறார்கள். அமெரிக்காவில் 2002 முதல் 2012 வரை விலங்கு நச்சுத் தகவல் மையத்துக்கு வந்த இத்தகைய 443 சம்பவங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். எச்சில் ஒழுகுவது, சோர்ந்து படுப்பது, பின்னங்கால் தள்ளாடுவது, உடல் நடுங்குவது எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. பூனைக்கு ஆபத்து இன்னும் கூடுதல். இந்தச் சேர்மங்களை உடைத்து வெளியேற்றும் நொதி அதன் ஈரலில் குறைவு. மேலே தடவியதை நக்கியும் உள்ளே எடுத்துக்கொள்ளும். உண்ணிக்குக் கால்நடை மருத்துவரிடம் கேட்டால் எடைக்கேற்ற மருந்து தருவார்.

குழந்தைகள் விஷயத்தில் அச்சம் நியாயமானது. 10 மில்லிக்கும் குறைவாகக் குடித்த ஒன்றரை வயதுக் குழந்தை தள்ளாடி, மயங்கிய நிலைக்குப் போனது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கற்பூரத்தையும் நீலகிரித் தைலத்தையும் குழந்தைகள் வாயில் போட்டு வலிப்போடு ஆஸ்பத்திரிக்கு வருவதை நம் மருத்துவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள், இதையும் அந்த வரிசையில் வையுங்கள். இது பிறந்த ஆஸ்திரேலியாவிலேயே நச்சுப் பொருள் அட்டவணையில் இதன் பெயர் இருக்கிறது. குழந்தை திறக்க முடியாத மூடியும், சொட்டுச் சொட்டாக மட்டும் விழும் அடைப்பும் அதனால்தான். அந்த அடைப்பு இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் புண்ணாகிவிடும். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

2007-ல் அமெரிக்காவில் மூன்று சிறுவர்களுக்கு மார்பு பெரிதானதை லாவெண்டர், டீ ட்ரீ எண்ணெய் கலந்த பொருள்களோடு சேர்த்துப் பேசினார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் அந்த முடிவை ஏற்கவில்லை. எனக்கும் அது நிரூபணமாகத் தெரியவில்லை. என்றாலும் தினமும் குழந்தையின் உடம்பில் பூச வேண்டிய அவசியம் இந்த எண்ணெய்க்கு எதிலும் இல்லை.

வாங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த எண்ணெயில் கலப்படம் அதிகம். வேறு எண்ணெய்களைப் பிரித்தெடுக்கும்போது மிஞ்சும் டெர்பீன் என்ற மலிவான வாசனைச் சேர்மங்களைச் சேர்த்து, சோதனையில் எண்கள் சரியாக வருமளவுக்கு அளந்து கலக்கிறார்கள். இதைப் பிடிக்க டெர்பினென்-4-ஆலின் கண்ணாடிப் பிம்பம்போல் எதிரெதிரான இடக்கை, வலக்கை வடிவங்களின் விகிதத்தை அளக்கிறார்கள். மரத்திலிருந்து வந்ததில் வலக்கை வடிவம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். இந்தச் சோதனை ஆய்வகத்தில்தான் நடக்கும். வீட்டில் காகிதத்தில் விட்டுப் பார்த்தால், கறை படிந்து நிற்பதில் சமையல் எண்ணெய் கலந்திருக்கிறது என்று மட்டும் தெரியும். ஆகவே லேபிளைப் பாருங்கள். மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா என்ற முழுப் பெயர், தொகுதி எண், தயாரித்த தேதி, ஐ.எஸ்.ஓ. 4730, பழுப்புக் கண்ணாடி எல்லாம் இருக்க வேண்டும். தேதி இல்லாத பாட்டிலை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் விட்டுவிடுங்கள், அலமாரியில் எத்தனை வெயில் காலத்தைத் தாண்டியது என்று தெரியாது.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பழைய பாட்டிலைத் தொட்டியில் கவிழ்க்காதீர்கள், நீரில் வாழும் உயிர்களுக்கு இது நஞ்சு. மூடியை இறுக்கி, குழந்தைக்கும் பிராணிக்கும் எட்டாதபடி வைத்திருந்து, அபாயகரமான வீட்டுக் கழிவைத் தனியாக எடுக்கும் நகராட்சியாக இருந்தால் அந்தப் பையில் சேர்த்துவிடுங்கள்.